மூன்றாம் பெயர்

நாலு மணிக்கு அடக்கம். மூன்று மணிக்குப் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போது பதினொன்றுகூட ஆகவில்லை. அதற்குள் இசக்கி தன் ஒற்றை அறைக் கோலிக்கும் தெருமுனைத் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நாற்பது நடையாவது நடந்திருப்பான். குழாயில் தண்ணீர் நின்று இரண்டு மணி நேரம் ஆயிற்று. அங்கே அவனுக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பத்துக்குப் பத்துக் கோலி அது. தாராவியில் அந்த வரிசை முழுக்கத் திருநெல்வேலிச் சனம். உள்ளே பாயில் அவன் பெண்டாட்டி அன்னமேரி கண்ணை மூடிக் கிடந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு முழம்கூட இல்லாத பெண் பிள்ளை. ஏழு மாசம் முடியுமுன்னே அவசரப்பட்டு இன்று காலையில் பிறந்தது. இருபது நிமிஷம்தான் உயிரோடு இருந்தது. அந்த இருபது நிமிஷத்துக்குள் இசக்கி ஒரு காரியம் செய்தான். செம்பில் தண்ணீரை எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் ஊற்றி அதற்கு ஞானஸ்நானம் கொடுத்தான்.

அதில்தான் வந்தது வினை. ஞானஸ்நானம் என்றால் தண்ணீர் மட்டும் போதாது, வார்த்தையும் வேண்டும். ஊற்றுகிறபோதே பிதா, சுதன், பரிசுத்த ஆவியான இஸ்பிரீத்துசாந்து என்று மூன்று பேருடைய நாமத்தையும் சொல்லி ஊற்ற வேண்டும். சரியாகச் சொல்லியிருந்தால் அது கிறிஸ்தவப் பிள்ளை. கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்த மண்ணில் குழி வெட்டி, சாமியார் வந்து செபம் சொல்லி அடக்குவார். சொல்லாவிட்டால் மதில் ஓரத்தில் மந்திரிக்காத துண்டு நிலம் ஒன்று இருக்கிறது. அங்கே தகப்பனே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வர வேண்டியதுதான். கூட ஒரு மெழுகுவர்த்திகூட எரியாது.

இசக்கி சரியாகச் சொல்லவில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இதிலே பெரிய வேடிக்கை என்னவென்றால், ஊற்றின இசக்கியே இன்னும் ஞானஸ்நானம் வாங்காதவன். வருகிற பெரிய சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிதான் அவனுக்கு முறை. இன்னும் எட்டு நாள். "வாங்காதவன் எப்படிக் கொடுக்கலாம்?" என்று யாரும் கேட்கலாம். கொடுக்கலாம். சாகக் கிடக்கிற உயிருக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், இந்து கொடுக்கலாம், முஸ்லிம் கொடுக்கலாம், தண்ணீரும் வார்த்தையும் சரியாக இருந்து, திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணமும் இருந்தால் செல்லும் என்று உபதேசியார் மரியசூசை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார். மற்றதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போனாலும், அந்த ஒரு பாடம் மட்டும் இசக்கிக்குப் பசுமரத்தாணியாகப் பதிந்திருந்தது.

மரியசூசை பகலில் மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் பிட்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், புதன்கிழமை சாயங்காலமும், கோயிலுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூட அறையில், கிறிஸ்தவ வேதத்தில் சேர விரும்புகிறவர்களுக்குக் குறிப்பிடம் சொல்லிக் கொடுப்பார். குறிப்பிடம் என்பது கேள்வியும் பதிலுமாக வேதம் முழுவதையும் சொல்கிற சின்னப் புத்தகம். உன்னைப் படைத்தவர் யார் என்று ஆரம்பித்து, மோட்சம், நரகம், பத்துக் கற்பனை என்கிற பத்துக் கட்டளை என்று போகும். இசக்கி பகலெல்லாம் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவன். குழியில் பத்து மணி நேரம் நிற்கிற கால், பிள்ளைகள் உட்காருகிற அந்தச் சின்ன பெஞ்சில் பத்து நிமிஷம் சும்மா இருக்காது. ஆடிக்கொண்டே இருக்கும். பெஞ்சே ஆடும்.

"வே, காலை ஆட்டாதேயும். உம்ம ஆட்டத்துல எனக்கே கேள்வி மறந்துபோவுது" என்பார் மரியசூசை.

காலாவது பரவாயில்லை. நாக்குதான் மோசம் பண்ணியது. பிதா வரும். சுதன் வரும். மூன்றாவது பெயர் வரவே வராது. இஸ்பிரீத்துசாந்து! எந்தக் காலத்திலோ பறங்கிக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய பெயர். இசக்கி வாயில் அது இசுப்பிரத்து ஆகும், இசுபிருத்து ஆகும், ஒரு நாள் இசுப்பிரத்துச் சந்து என்று ஏதோ தெருப் பெயர் மாதிரி வந்து விழுந்தது. கூடப் படித்த கணேசபாண்டியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டுவதற்காகச் சேர வந்தவன். குறிப்பிடத்தை மூன்றே மாதத்தில் கடகடவென்று ஒப்பித்துவிட்டான்.

"சிரிக்காதேயும்" என்று மரியசூசை அதட்டினார். "இது விளையாட்டுக் காரியம் இல்ல. மரை ஒரு நூல் தப்பினா நட்டு ஏறுமாவே? ஏறாது. அது மாதிரித்தான் இதுவும். வார்த்தை ஒண்ணு மாறினாச் செல்லாது."

போன வருஷப் பாஸ்காவுக்கே, அதாவது ஈஸ்டருக்கே, இசக்கி சேர்ந்திருக்க வேண்டியவன். இந்த ஒரு பெயரால் தள்ளிப் போட்டுவிட்டார்கள். விட்டுத் தொலையலாம் என்று எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. அன்னமேரி அவனைச் சேரச் சொல்லி ஒரு நாளும் நச்சரித்ததில்லை. சாமியாரிடம் உத்தரவு வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. பீடத்துக்கு முன்னால் இல்லை, சாமியார் உடுப்பு மாற்றுகிற பக்கத்து அறையில். அதிலெல்லாம் அவனுக்குக் குறை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை என்கிற அப்பம் கொடுக்கிற நேரம் வரும். பக்கத்தில் நின்ற அன்னமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து முன்னால் போவாள். வரிசை முழுக்கப் போகும். ஞானஸ்நானம் வாங்காததால் இவன் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பான். அவள் திரும்பி வருகிற வரைக்கும் ஐந்து நிமிஷம் ஆகுமா? அந்த ஐந்து நிமிஷம்தான் அவனால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் இரண்டு வருஷம் அந்தச் சின்ன பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்தான்.

காலையில் நடந்தது இதுதான். பேறு பார்க்கிற சைனப், பிள்ளையைக் கையில் வாங்கினதுமே உதட்டைப் பிதுக்கினாள். "மூச்சு இழுக்குது தம்பி. நிக்காது" என்றாள். அன்னமேரி பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். இசக்கிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரியசூசையை அழைத்து வரலாமென்றால் அவர் பட்டறை வண்டி பிடிக்கப் போயிருப்பார். பிள்ளையின் மேல் தோல் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. செம்பை எடுத்தான். "பிதாவுடையவும்..." ஊற்றினான். "சுதனுடையவும்..." ஊற்றினான். மூன்றாவது தடவை செம்பைச் சாய்த்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இஸ்... இஸ்... பிள்ளை வாயைத் திறந்து மூடியது. அடுத்த மூச்சு வருமோ வராதோ! பயத்தில் அவன் வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது ஒரு பெயர்.

"இசக்கி!"

இவனுக்கு முன்னால் அவன் அம்மாவுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் உன் பெயரை வைக்கிறேன் என்று இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை இவன். சின்ன வயசில் இவனுக்குக் காய்ச்சல் கண்டாலும் வலிப்பு வந்தாலும் அம்மா மடியில் போட்டுக்கொண்டு, "இசக்கி, எம் புள்ளயப் பாத்துக்கோ" என்றுதான் அலறுவாள். அந்த அலறல்தான் முப்பது வருஷம் கழித்துத் தாராவியில் வந்து இவன் வாய் வழியாக வெளியே குதித்தது. அவன் கூப்பிட்டது யாரை? அம்மனையா? தன்னையேயா? அல்லது வாயில் நுழையாத அந்த மூன்றாவது பேரையா? அதைத்தான் காலையிலிருந்து நடந்து நடந்து யோசிக்கிறான். பாழாய்ப் போன மனசு பதில் சொல்ல மாட்டேன் என்கிறது.

ஒருவேளை தான் சரியாகச் சொல்லித் தனக்குத்தான் தப்பாக ஞாபகம் இருக்கிறதோ? பன்னிரண்டு மணி வாக்கில் இந்த நினைப்பு வந்தது. வந்ததும் அவனுக்கு உயிர் வந்த மாதிரி ஆயிற்று. விறுவிறு என்று அடுத்த சந்துக்கு நடந்தான். சைனப் வாசலில் குந்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இசக்கியோடு அதே தோல் கம்பெனியில் வேலை. காயல்பட்டினத்துக்காரர்கள்.

"லாத்தா, ஒண்ணு கேக்கணும். காலையில நான் தண்ணி ஊத்தும்போது என்ன சொன்னேன்? ஒங்க காதுல விழுந்துச்சா?"

சைனப் நிமிர்ந்து பார்த்தாள். "பக்கத்துலதான இருந்தேன், விழாம என்ன? உங்க வேதத்துல என்னமோ ரெண்டு ஓதுன. பெறகு உம் பேரைச் சொன்ன."

"எம் பேரா?"

"ஆமா. இசக்கின்னு சத்தமாச் சொன்ன. தகப்பன் பேரு சொல்லித்தான் ஊத்தணும்போல, உங்க மொறை அப்படின்னு நெனச்சேன். ஏன் தம்பி? தப்பா?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சைனப் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தா பாரு, நான் படிக்காதவ. உசுரு போற நேரத்துல ஒரு தகப்பன் வாயில என்ன வந்துச்சுன்னு அல்லா தராசு வச்சு நிறுத்துக்கிட்டு இருக்க மாட்டான். பொண்டாட்டிக்குச் சூடா ஏதாச்சும் வச்சுக் குடு, போ. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

நல்லவள். ஆனால் அவள் அல்லாவைப் பற்றிச் சொல்கிறாள். இங்கே தராசு மரியசூசை கையில் அல்லவா இருக்கிறது!

கோலிக்குத் திரும்பினபோது அன்னமேரி கண் திறந்திருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. இசக்கி கஞ்சித் தண்ணீரை அவள் வாயில் விட்டான். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, பக்கத்தில் கிடந்த வெள்ளைத் துணியின் மேல் கையை வைத்தாள். காலையிலிருந்து அவள் அழவே இல்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"தண்ணி ஊத்துனியளா?" என்று கேட்டாள்.

"ஊத்துனேன்."

"வார்த்தை சொன்னியளா?"

அவன் செம்பைத் தரையில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேம்ட்டி."

"அப்ப நம்ம பிள்ள சம்மனசு" என்றாள் அன்னமேரி. ஞானஸ்நானத்தோடு சாகிற பச்சைப் பிள்ளை நேரே மோட்சத்துக்குப் போய்ச் சம்மனசு என்கிற தேவதூதன் ஆகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. "சாமிகிட்டயும் இதையே சொல்லுங்க. பிள்ள பேரு லூசின்னு, எங்கம்மா பேரைச் சொல்லுங்க." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை நிற்கவில்லை.

ஆயிற்று. இனிமேல் என்னத்தைச் சொல்ல? இரண்டரை மணிக்கு இசக்கி நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் தோல் வாடை போகவில்லை. கோயில் பத்து நிமிஷ நடை. அவன் நேரே போகவில்லை. சந்து சந்தாகச் சுற்றினான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு சந்தில் தோன்றும். சொன்னால் மதில் ஓரக் குழி, அன்னமேரி செத்துப் போவாள் என்று அடுத்த சந்தில் தோன்றும். பொய்சாட்சி சொல்லாதே, எட்டாம் கற்பனை. அதையும் இதே மரியசூசையிடம்தான் படித்தான். சரி, பொய் சொன்னால் என்ன ஆகும்? அதற்கும் குறிப்பிடத்தில் பதில் இருந்தது. ஞானஸ்நானம் வாங்குகிற பெரியவர்களுக்கு அதற்கு முன்னால் செய்த பாவமெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே அழிந்து போகும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம்கூட வேண்டாம். இன்னும் எட்டு நாளில் அவனுக்குத் தண்ணீர். இன்றைக்குச் சொல்கிற பொய் எட்டாம் நாள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இவ்வளவு சல்லிசாக ஒரு பொய் வேறு எவனுக்குக் கிடைக்கும்! நினைத்தபோது அவனுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

கோயில் கேட்டில் மரியசூசை காத்திருந்தார். செய்தி கேட்டுப் பட்டறையில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எண்ணெய்க் கறை பட்ட காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். இசக்கியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல காரியம் செஞ்சீருவே. ஒரு ஆத்துமத்த மோட்சத்துல சேத்துட்டீரு. சாமி கேப்பாரு. தெளிவாச் சொல்லும். அவரு கோவாக்காரரு, தமிழு பாதி புரியும் பாதி புரியாது. எங்கிட்டத்தான் சரியா சரியான்னு கேப்பாரு."

"அண்ணாச்சி" என்றான் இசக்கி. "பயத்துல ஒரு வார்த்தை மாறிப் போயிருந்தா?"

மரியசூசையின் பிடி தளர்ந்தது. "மாறிப் போச்சாவே?"

"இல்ல. சும்மா கேக்கேன்."

"மாறினாச் செல்லாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கேம்லா. எம் பிள்ளையா இருந்தாலும் அதேதான்." அவர் மறுபடி இசக்கியின் கையைப் பிடித்தார். "மாறலல்லா? நெஞ்சத் தொட்டுச் சொல்லும்."

"உள்ள போவோம் அண்ணாச்சி. நேரமாச்சு."

பாதர் அல்வாரிஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியபோது, தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்த நல்ல மனுஷர். இசக்கியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பச்சைப் பிள்ளை, பச்சைப் பிள்ளை என்று இரண்டு தடவை தலையை ஆட்டினார். பிறகு இந்தியிலும் தமிழிலும் கலந்து கேட்டார். "தேக்கோ இசக்கி, நீ ஊத்தினது பானி. டீக், அது சரி. என்ன சொன்னே? அதே மாதிரி, அப்படியே, இங்கே எனக்குச் சொல்லு."

வெளியே கல்லறைக்குப் போக நாலைந்து பேர் கூடிக்கொண்டிருந்த பேச்சுக் கேட்டது. இசக்கி இடது கையில் பிள்ளையை ஏந்தின மாதிரி வளைத்துக்கொண்டான். வலது கையைச் செம்பு பிடித்த மாதிரி வைத்துக்கொண்டான். அவனை அறியாமலே அப்படி வந்தது.

"பிதாவுடையவும்" என்றான். கையைச் சாய்த்தான். "சுதனுடையவும்." சாய்த்தான்.

மரியசூசை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் வாய் தானாகவே மூன்றாவது பெயருக்குக் குவிந்தது. இரண்டு வருஷமாக அந்த இடத்தில்தான் இவன் சறுக்குவான் என்று அவருக்குத் தெரியாதா?

"இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றான் இசக்கி.

ஒரு எழுத்துப் பிசகவில்லை. இரண்டு வருஷமாக வராத பெயர், கெஞ்சியும் திட்டியும் வராத பெயர், பிறந்ததிலிருந்து அவன் வாயிலேயே குடியிருந்த மாதிரி வந்தது. சொல்லி முடித்ததும் இசக்கிக்கு ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. அட பாவி நாக்கே, காலையில் எங்கே போனாய்? என் பிள்ளை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது எங்கே போயிருந்தாய்?

"சரியா?" என்று பாதர் மரியசூசையைப் பார்த்தார்.

மரியசூசை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி பாதர். சுத்தமாச் சரி."

நாலு மணிக்கு லூசியை மந்திரித்த மண்ணில் அடக்கினார்கள். பாதர் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைக்குக் கறுப்பு இல்லை, துக்கம் இல்லை, சந்தோஷச் செபம்தான் என்றார் மரியசூசை. அடுத்த குழிகளில் யார் யாரோ கிடந்தார்கள், எல்லோர் தலைமாட்டிலும் சிலுவை இருந்தது. இசக்கி மூன்று பிடி மண் போட்டான்.

அதற்குப் பிறகு எட்டு நாளும் அவன் தூங்கினானா என்று கேட்டால், படுத்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம். கம்பெனியில் இரண்டு தடவை சுண்ணாம்புக் குழியில் கால் வழுக்கி விழப் பார்த்தான். சைனப்பின் புருஷன்தான் சட்டையைப் பிடித்து இழுத்தான். அன்னமேரி மெல்ல எழுந்து உட்கார ஆரம்பித்தாள். இரண்டு பேரும் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

பெரிய சனிக்கிழமை காலையில் மரியசூசை எல்லோரையும் கடைசித் தடவையாகக் கூப்பிட்டார். ராத்திரிச் சடங்கில் யார் எங்கே நிற்பது, எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று ஒருமுறை நடத்திப் பார்க்க. இசக்கிக்கு யோசேப்பு என்று பெயர் வைப்பதாக முடிவாகியிருந்தது. வெள்ளைச் சட்டைகூட எடுத்தாகிவிட்டது.

"இன்னொண்ணு" என்றார் மரியசூசை. "தண்ணி எல்லாப் பாவத்தையும் கழுவும், சந்தேகமே இல்ல. ஆனா பெரியவுகளுக்கு ஒரு சங்கதி உண்டு. செஞ்ச பாவத்துக்கு உள்ளபடியே மனஸ்தாபப்படணும். ஐயோ, செஞ்சிட்டோமே, இனிச் செய்ய மாட்டோம்னு நெனைக்கணும். அது இல்லாம நிக்கக் கூடாது. ஒவ்வொருத்தராச் சொல்லுங்க. மனஸ்தாபப்படுதீரா?"

"படுதேன்" என்றான் கணேசபாண்டியன், கேள்வி முடியுமுன்னே.

அடுத்தது இசக்கி. அவன் எழுந்து நின்றான். எட்டு நாளாக அவன் செய்து பார்த்தது இதைத்தானே! சொன்ன பொய்க்காக வருத்தப்பட முயன்றான். ஒவ்வொரு தடவையும் மனசு அவனை அந்த மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும், பாதர் சொல்லு என்பார், பின்னால் மதில் ஓரத் துண்டு நிலம் தெரியும். இவன் மறுபடியும் அதே பொய்யைச் சொல்வான். ஒரு தடவைகூட மாற்றிச் சொல்ல வரவில்லை.

"எல்லாத்துக்கும் படுதேன் அண்ணாச்சி" என்றான். "ஒண்ணுக்கு மட்டும் வரல."

"என்ன வரல?"

"வருத்தம். அதைத் திரும்பச் செய்யச் சொன்னாலும் செய்வேன்."

கணேசபாண்டியன் சிரிக்கப் பார்த்தான். மரியசூசை பார்த்த பார்வையில் அடங்கினான். அவர் இசக்கியை வெளியே தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன பாவம்வே அது? குடியா? பொம்பளையா?"

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. சொன்னா இன்னொருத்தருக்குச் சேதம்."

"சொல்லாண்டாம். எனக்கு எதுக்கு? ரெண்டு வருசம் கெடந்து படிச்சீரு, இன்னைக்குப் போயி இப்படி நிக்கீரே! வாயால சொல்லிட்டு வந்து நில்லும். மனசு பின்னால வரும்."

அந்த நல்ல மனுஷர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. இசக்கிக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"வாயால சொன்னது போதும் அண்ணாச்சி" என்றான். "எனக்காகவும் ஒண்ணு சொல்லணுமா? வேண்டாம்."

அவர் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவன் திரும்பவில்லை.

கோலியில் அன்னமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அவனுடைய வெள்ளைச் சட்டை. பித்தான் இறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வந்த வேகத்தையும் முகத்தையும் பார்த்து ஊசியை நிறுத்தினாள்.

"தைக்காண்டாம்" என்றான் இசக்கி. "நான் இன்னைக்குச் சேரல."

"ஏன்?"

"மனஸ்தாபம் வரணுமாம். எனக்கு வரல." கோலிக்குள் நடக்க இடம் இல்லை. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தான். "ஏன் எதுக்குன்னு கேக்காதட்டி. ஒங்கிட்டச் சொல்ல முடியாது. மத்த யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன், ஒங்கிட்ட முடியாது."

அன்னமேரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நானும் கேட்டேன்" என்றாள்.

"எதை?"

"நீங்க இசக்கின்னு சொன்னத. கண்ணுதான் மூடியிருந்துச்சு. காது கேட்டுச்சு. மூணாவது பேர நான் சொல்லியிருக்கணும், சின்னப் புள்ளையிலேர்ந்து சொல்லுத பேரு. எந்திரிச்சுச் சொல்லணும்னு பாத்தேன், நாக்கு எழும்பல. நீங்க அடுத்த வார்த்தை சொல்லுமுன்ன பிள்ள அடங்கிட்டு." மடித்த சட்டையை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தெரிஞ்சுதான் கேட்டேன், வார்த்தை சொன்னியளான்னு. நீங்க சொன்னேன்னு சொல்லணும்னுதான் கேட்டேன். சாமிகிட்டயும் அதையே சொல்லுங்கன்னு அனுப்புனது நான்லா."

இசக்கியின் கால் ஆட்டம் நின்றது.

"பெரிய வியாழக்கிழமை உபதேசியார் சம்சாரம் வந்து கூப்பிட்டா, பாவசங்கீர்த்தனத்துக்கு வாட்டி, பாஸ்காவுக்கு நன்மை வாங்கணும்லான்னு. ஒடம்பு முடியலன்னுட்டேன். ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. எனக்கும்தான் வருத்தம் வரல. நான் மட்டும் போயி என்னத்தச் சொல்ல?"

வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் குடத்தோடு ஓடுகிற சத்தமும் இந்தியும் தமிழுமாகச் சண்டையும் கேட்டது. அவர்கள் வீட்டுக் குடமும் காலியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"நான் யாரைக் கூப்பிட்டேன்னு எனக்கே தெரியலட்டி" என்றான் இசக்கி கடைசியில். "எட்டு நாளா யோசிக்கேன். தெரியல. அப்ப எம் பிள்ள எங்கட்டி இருக்கா?"

அன்னமேரி அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நாம வச்ச எடத்துல இருக்கா" என்றாள். "யாரு வந்து எடுப்பா?"